பேர் மட்டும் சொன்னால் போதும்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இன்னும் கொஞ்சம். மூணு பேர் சீட்டுல ஒத்தையாளு பரப்பி உக்காந்தா மத்தவங்க எங்க போறது? கோவிச்சுக்கிடாதிய, காலையில மூணரை மணிக்கு எந்திரிச்சு திசையன்விளை பக்கத்துல இருந்து வாரேன். திருநெல்வேலி வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேன். ஒரு பய எந்திரிச்சு இடம் தரல. அத்தன பேரும் போனைப் பாத்துக்கிட்டு இருக்கான். ஞாயித்துக்கிழமையும் அதுவுமா கோயிலுக்குப் போகாம எங்க போறானுவளோ.

அந்த அட்டப்பெட்டிய மேல தூக்கி வைக்காதிய. என் மடியிலயே இருக்கட்டும். உள்ள கவுன் இருக்கு, வெள்ளக் கவுன், பிள்ளைக்கு. கசங்கிரும்.

நீங்களும் கோவில்பட்டியா? அது என்ன கையில, ஸ்கேன் கவரா? யாருக்கு, உங்களுக்கா மகளுக்கா? சொல்ல மாட்டியளா? சரி, சொல்லாட்டா போங்க. எனக்கு ஒண்ணும் நட்டமில்ல. ஆனா மனசுக்குள்ளயே பூட்டி வச்சிருந்தா எதுவும் சரியாகாது. நாலு பேர் காதுல போட்டாத்தான் நாலு பேர் ஜெபிப்பாவ. பேரைச் சொல்லுங்க, நோட்டுல எழுதிக்கிடுதேன். வேண்டாமா? நீங்க பொட்டு வச்சவங்க, உங்களுக்கு விருப்பமில்லன்னா விடுங்க. இதத்தான் நான் அவகிட்டயும் சொன்னேன். அவ மண்டையில ஏறல.

எவகிட்டயா? பியூலாகிட்ட. என் தம்பி ஆசீரு பெண்டாட்டி. இன்னைக்கி அவ பிள்ளைக்கு ஞானஸ்நானம். அதுக்குத்தான் போறேன். பத்து மணிக்கு ஆராதனை. இந்த வண்டி போற போக்கப் பாத்தா போய்ச் சேந்துருவோமா? ஏ கண்டக்டரு, வண்டிய கொஞ்சம் விரட்டச் சொல்லப்பா. பாருங்க, காதுலயே வாங்காம போறான்.

என் பேரு லீதியாள். எங்க ஊரு கிருபாபுரத்துல வந்து லீதியாள் டீச்சர் வீடு எதுன்னு யாரக் கேட்டாலும் சொல்லுவாவ. மிஷன் பள்ளிக்கூடத்துல இருபத்தெட்டு வருஷமா டீச்சர். கோயில்ல பெண்கள் சங்கத்துக்கு பதினேழு வருஷமா நான்தான் செக்ரட்டரி. புதன்கிழமை சாயங்காலம் கூட்டம். ஜெபக் குறிப்பு நோட்டு என் கையிலதான் இருக்கும். உங்களுக்குத் தெரியாது, சொல்லுதேன். யார் யாருக்கு என்ன கஷ்டம்னு நான் எந்திரிச்சு நின்னு வாசிப்பேன். இன்னார் வீட்டுல சீக்கு, இன்னார் மகன் குடிக்கான், இன்னார் மகளுக்கு மாப்பிள்ளை அமையல. ஒவ்வொரு குறிப்பையும் ஒரு ஆள் ஏத்துக்கிட்டு வாய்விட்டு ஜெபிக்கணும். ஜெபம் கேட்கப்பட்டா அந்தக் குறிப்புக்குப் பக்கத்துல செவப்பு மையில டிக் போடுவேன். பக்கத்து ஊரு கோயில்கள்லயும் நோட்டு வச்சிருக்காவ. எங்க அளவுக்கு டிக் கிடையாது. நான் விசாரிச்சுட்டேன்.

ஆசீருக்கு எட்டு வயசுல அம்மா போயிட்டா. ரெண்டு வருஷத்துல அப்பாவும் போயிட்டாவ. நான்தான் வளத்தேன். போஸ்ட் ஆபீஸ் பரீட்சைய நாலு தடவ எழுதினான். மூணு தடவ ஃபெயிலு. ஒவ்வொரு தடவையும் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவான், கடை வைக்கப் போறேம்பான். நான் விட்டேனா? கர்த்தர் கைவிட மாட்டாரு, உக்காந்து படிலேன்னு காதத் திருகி உக்கார வச்சேன். நாலாவது தடவ கெடச்சிது. டிக் போட்டேன். பொண்ணும் நான்தான் பாத்தேன். சாத்தான்குளத்துப் பக்கம், அமைதியான பிள்ளை, வாயே திறக்க மாட்டா. அதுக்காகவே கட்டி வச்சேன்.

கோயில்லயும் அப்படித்தான். எல்லாரும் சத்தமா ஜெபிக்கும்போது இவளப் பாத்தா உதடு மட்டும் அசையும். சத்தம் வராது. ஏட்டி, கர்த்தருக்கு மட்டும் கேட்டாப் போதுமா, பக்கத்துல இருக்கவளும் ஆமென் சொல்லாண்டாமான்னு கேட்டா, சிரிப்பா. அந்தச் சிரிப்பு எனக்கு ஆரம்பத்துல இருந்தே பிடிக்கல.

கல்யாணம் ஆகி ரெண்டாவது வருஷம், அடுப்படியில நான் மீன் கழுவிக்கிட்டு இருக்கேன். பக்கத்துல வந்து நின்னா. மைனி, நாள் தள்ளிப் போயிருக்கு, அவியளுக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும், யார்கிட்டயும் சொல்லாதியன்னா. எனக்குக் கண்ணு நெறஞ்சிட்டு. எங்க வீட்டுல ஒரு பிள்ளை! அன்னைக்கி புதன்கிழமை. சாயங்காலம் நோட்டுல மொதக் குறிப்பா எழுதி வாசிச்சேன்.

என்ன அப்படிப் பாக்கிய? நான் யார்கிட்டயும் சொல்லல. ஜெபக் குறிப்பு குடுத்தேன். சொல்றது வேற, ஜெபக் குறிப்பு வேற. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு? அவளுக்கும் தெரியல. மறுநாள் ஆளாளுக்கு வீட்டுக்கு வாராவ, மாங்காயக் கொண்டு வாராவ, பப்பாளி திங்காதங்காவ, இவ உள்ளுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டா. மூணாம் மாசம் கலைஞ்சிட்டு. அன்னைக்கிச் சாயங்காலமே முப்பது பெண்ணுவள கூட்டிக்கிட்டு வந்து கட்டிலச் சுத்தி நிக்க வச்சி ஜெபிச்சோம். ஒண்ணரை மணி நேரம். ஒரு நன்றி உண்டா? செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா.

எனக்கு அது மொதத் தோல்வி. ஆனா நான் தளரல.

ரெண்டாவது தடவ என்கிட்ட சொல்லவே இல்ல. கேட்டியளா, ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு! நான் என்ன கண்ணு தெரியாதவளா? காலையில வாந்தி எடுக்கத பாத்தேன். சரி, அவதான் வெக்கப்படுதாளேன்னு இந்தத் தடவ பேர் சொல்லல. 'நம்ம சபையில போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாக்கிற ஒரு சகோதரனுடைய மனைவி'ன்னு மட்டும்தான் வாசிச்சேன். இல்ல, வேற யாரும் போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாக்கல. அதுக்கு நான் என்ன செய்ய? அவ்வளவு பதனமாச் சொல்லியும் அவளுக்குக் கோவம். அஞ்சாம் மாசம் அதுவும் போச்சு.

மூணாவதுதான் எல்லாத்துக்கும் மேல. டவுன் ஆஸ்பத்திரியில பாத்து, கர்ப்பப்பையில என்னமோ பலவீனம், தையல் போடணும்னு சொல்லியிருக்காவ. அலமாரியில துணிக்கு அடியில ஸ்கேன் ரிப்போர்ட்ட மறைச்சி வச்சிருந்தா. நான் எடுத்தேன். ஆமா, எடுத்தேன். என்ன வியாதின்னு சரியாத் தெரிஞ்சாத்தான சரியா ஜெபிக்க முடியும்? அந்த மாசம் எங்க ஊருல கன்வென்ஷன், மூணு நாள் கூட்டம், பந்தல் போட்டு மைக் கட்டி, வெளியூர்ல இருந்து பிரசங்கியார் வருவாவ. ரிப்போர்ட்ட அப்படியே பாத்து எழுதி, பிரசங்கியார் கையில குடுத்தேன். அவரு மைக்குல வாசிச்சாரு, பியூலா பேரு, கர்ப்பப்பை, தையல் எல்லாம். ரெண்டாயிரம் பேர் ஒரே நேரத்துல கை தூக்கி ஜெபிச்சாவ. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. பனைமரத்துல குழாய் கட்டியிருந்தாவ, மூணு ஊருக்குக் கேட்டுது. அவ வீட்டுல படுத்திருந்தா. வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

ஆறாம் மாசம். ஆம்பளப் பிள்ளை. ஆசீரு ஒரு துண்டுல சுத்திக் கொண்டு போய் அம்மா அப்பா கல்லறைக்குப் பக்கத்துல வச்சிட்டு வந்தான். அத நான் பாத்தேன். அதப் பத்தி வேற ஒண்ணும் கேக்காதிய.

பத்து நாள் கழிச்சி, புதன்கிழமை, நான் நோட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புதேன். வாசல்ல வந்து வழிய மறிச்சிக்கிட்டு நிக்கா. மைனி, இது எங்க வீட்டு விஷயம், இனிமே வாசிக்காதியங்கா. எங்க வீடாம்! நான் எங்க போனேன்? சபைய விட்டுட்டு விசுவாசிக்கு ஒரு வீடு தனியா உண்டுமா? ஏட்டி, மூணு தடவ நான் தோத்திருக்கேன், மூணு தடவையும் எந்திரிச்சிருக்கேன், உன்ன மாதிரி படுத்துக்கிட்டு செவத்தப் பாக்கலன்னேன். அப்ப அவ ஒண்ணு கேட்டா. சத்தமே இல்லாமக் கேட்டா. அது என்னன்னு நான் சொல்ல மாட்டேன், அது பழைய கதை. எனக்குக் கை வந்துட்டு. கை ஓங்கினேன். ஓங்கத்தான் செஞ்சேன், அடிக்கல. பட்டிருக்கும். லேசாப் பட்டிருக்கும்.

மறுமாசம் ஆசீரு கோவில்பட்டிக்கு மாத்தல் வாங்கிட்டான். லாரியில சாமான ஏத்துதான், என் மூஞ்சியப் பாக்கல. அக்கா, பீரோ உனக்கு இருக்கட்டுங்கான். பீரோ எனக்கு எதுக்குலே? முழங்கால் தேய நின்னு வளத்த பயலுக்கு அவ்வளவுதான் பேச்சு.

ரெண்டு வருஷம். ஒரு போன் கிடையாது. நான் பண்ணினாலும் எடுக்க மாட்டான். பண்டிகைக்கு வரல. அம்மா அப்பா கல்லறைக்கு வெள்ளையடிக்க வரல. நான் என்ன, இடிஞ்சு போய் உக்காந்தேன்னா நெனைக்கிய? மொத பெஞ்சுல என் இடத்துலதான் உக்காந்தேன். ஒரு ஞாயிறு தவறல. இந்த ரெண்டு வருஷமும் நான் அவளுக்காக என்ன செஞ்சேன்னு ஒருத்தருக்கும் தெரியாது. சபைக்கும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? என்னைய உதறிட்டுப் போனவளுக்காக நான் செய்யுதேன்னு தெரிஞ்சா சிரிக்க மாட்டாவளா? உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

டிக்கெட்டா? எடுத்தாச்சு, எடுத்தாச்சு. எத்தன தடவதான் கேப்பான்.

இப்ப கேளுங்க. போன மாசம், ரெண்டாவது ஞாயிறு. எங்க கோயில்ல ஒரு வழக்கம் இருக்கு. கர்த்தர் நன்மை செஞ்சிருந்தா ஒரு கவர்ல காணிக்கை வச்சி, என்ன காரணம்னு மேல எழுதிப் போடுவோம். ஸ்தோத்திரக் காணிக்கை. ஐயரு, பாஸ்டர எங்க பக்கம் ஐயருன்னுதான் சொல்லுவோம், அவரு ஒவ்வொரு கவரையா எடுத்து எல்லாரும் கேக்க வாசிப்பாரு. வீடு கட்டினதுக்கு ஸ்தோத்திரம், காய்ச்சல் சொகமானதுக்கு ஸ்தோத்திரம். நான் அரைகுறையாக் கேட்டுக்கிட்டு இருக்கேன். அடுத்த கவர எடுத்தாரு. 'கோவில்பட்டியிலிருந்து ஆசீர், பியூலா குடும்பத்தார். கர்த்தர் தந்த பெண் குழந்தைக்காகவும், தாயையும் பிள்ளையையும் காத்ததற்காகவும் ஸ்தோத்திரம்.'

என் தம்பிக்குப் பிள்ளை பொறந்தத நான் கவர்ல கேட்டேன்.

சபை முழுக்கத் திரும்பி என்னையப் பாத்துது. ஆம்பளைங்க பக்கம், பொம்பளைங்க பக்கம், பாட்டுக்காரப் பிள்ளைங்க எல்லாம். வீட்டு விஷயத்த இப்படியா சபையில போட்டு உடைப்பாவ? முன்கூட்டி என் காதுல ஒரு வார்த்த போடாண்டாமா? நெஞ்சுல ஈரம் இருக்கவ செய்யுத காரியமா? ஆனா நான் விட்டுக் குடுக்கல. எனக்கு எல்லாம் முன்னமே தெரியுங்க மாதிரி தலைய ஆட்டிக்கிட்டுச் சிரிச்சேன். கர்த்தருடைய வீட்டுல உக்காந்து தலையால பொய் சொன்னேன். வெளியில வந்தா ஒருத்தி, பிள்ளைக்கி எத்தன மாசம் டீச்சருங்கா. மூணுன்னேன். கோயில்குட்டியாரு, அதான் மணி அடிச்சி கோயிலப் பெருக்குதவரு, அவரு பெண்டாட்டி ரத்தினபாய் பின்னால நின்னுக்கிட்டு, இல்ல டீச்சர், அஞ்சுங்கா. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு! என் அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல.

சபை முழுக்கத் திரும்பி என்னையப் பாத்தது அது ரெண்டாவது தடவ. மொத தடவ எதுக்கா? அது எதுக்கு உங்களுக்கு? கேள்வி மட்டும் நல்லாக் கேக்கிய. உங்க ஸ்கேன் கவர்ல என்ன இருக்குன்னு நான் கேட்டதுக்கு வாயத் தெறந்தியளா?

போன திங்கக்கெழம லெட்டர் வந்துது. அவ கையெழுத்து. இந்தா, பைக்குள்ளதான் இருக்கு, வாசிக்கேன். 'அன்புள்ள மைனிக்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஞானத்தாயாக நீங்கள் நிற்க வேண்டும்.' ஞானத்தாயின்னா, பிள்ளைய கையில வாங்கிக்கிட்டு ஐயர் முன்னால நிக்கணும். இந்தப் பிள்ளைக்குப் பேரிடுங்கம்பாரு. நாமதான் பேரச் சொல்லணும். பெத்த தாய்க்கு அடுத்தபடி அவதான். பெரிய காரியம். மேல கேளுங்க. 'நான்தான் உங்கள் தம்பியிடம் சொல்லி இதைக் கேட்கிறேன். ஐயர் கேட்கும்போது பேர் மட்டும் சொன்னால் போதும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். சாட்சி வேண்டாம்.'

பாத்தியளா திமிர! சாட்சின்னா என்ன தெரியுமா? கர்த்தர் நம்மள எந்தெந்தக் குழியில இருந்து தூக்கி விட்டாருன்னு சபை முன்னால எந்திரிச்சு நின்னு சொல்லுறது. மூணு தடவ விழுந்து நாலாவது தடவ எந்திரிச்ச குடும்பம். எத்தன பேருக்கு அது தைரியம் குடுக்கும்? அத வேண்டாங்கா. மைக்க பிடிச்சா அரை மணி நேரம் பேசுதவள, பேர் மட்டும் சொல்லிட்டு வாயப் பொத்துன்னு சொல்லுதா. நேத்து வரைக்கும் உதட்ட மட்டும் அசைச்சிக்கிட்டு இருந்தவ!

நான் எழுதிட்டேன். வியாழக்கிழமையே எழுதிட்டேன், நாலு பக்கம். மூணையும் தேதியோட எழுதியிருக்கேன். துண்டுல சுத்தினது வரைக்கும் இருக்கு. பேர் சொல்லி முடிச்ச உடனே பிள்ளைய ஐயரம்மா கையில குடுத்துட்டு, எடுத்து வாசிக்கப் போறேன். யாரு தடுப்பா? பலிபீடத்துக்கு முன்னால வச்சி என் கையப் பிடிச்சி இழுப்பாளா?

லெட்டர் முடியல, இன்னும் ரெண்டு வரி இருக்கு. அத வாசிக்காண்டாம்னு நெனச்சேன். சரி, கேட்டுட்டுப் போங்க. 'இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் நீங்கள் எனக்காக உபவாசம் இருப்பது எனக்குத் தெரியும். அதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்பதும் தெரியும். அதனால்தான் கூப்பிடுகிறேன்.'

எப்படித் தெரிஞ்சுது இவளுக்கு? அந்த ரத்தினபாய் வேலை. எங்க வீட்டுச் செவத்துக்கு அந்தப் பக்கம்தான் அவ அடுப்படி. வெள்ளிக்கிழமை நான் உலை வைக்கல, பாத்திரம் கழுவலன்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கா. கோவில்பட்டிக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கா. வாய் அடங்காதவ! ஒருத்தி வீட்டுக்குள்ள நடக்குதத வெளியில சொல்லலாமா? நான் முழங்கால்ல நின்னு, சாப்பிடாம, கதவப் பூட்டிக்கிட்டு அழுதது எனக்கும் கர்த்தருக்கும் உள்ளது. அதுல இவளுக்கு என்ன? நேரா அவ வாசல்ல போய் நின்னு நல்லாக் கேட்டுட்டேன். அவ, நல்லதுக்குத்தான சொன்னேன் டீச்சருங்கா. நல்லதுக்காம்.

நீங்க எதுக்கு இப்பச் சிரிக்கிய? சிரிக்கலையா? சிரிச்ச மாதிரி இருந்துது.

நல்லாத்தான் இருக்கு, ஜன்னல் பக்கமாத் திரும்பி உக்காந்துக்கிட்டிய. உங்களுக்கு என் மேல கோவம். சொல்லாமலே தெரியுது. அவ என்ன கேட்டான்னு தான யோசிக்கிய? வாசல்ல வச்சி என்னத்தக் கேட்டு இவ கை ஓங்கினான்னு. சொல்லிருதேன். நீங்க கோவில்பட்டியில இறங்கிப் போயிருவிய, இனி நீங்க யாரோ நான் யாரோ.

எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு ஓலை வாசிப்பாவ. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு சபைக்கு அறிவிக்கிறது. எனக்கு இருபத்தாறு வயசு. மாப்பிள்ளையும் வாத்தியார்தான். மொத ஞாயிறு வாசிச்சாவ. ரெண்டாவது ஞாயிறு வாசிச்சாவ. மூணாவது ஞாயிறு நான் புதுச் சேலை கட்டிக்கிட்டு, ஆசீரப் பக்கத்துல உக்கார வச்சிக்கிட்டு மொத பெஞ்சுல இருக்கேன். ஐயரு வேற ஒரு ஜோடி ஓலைய வாசிச்சாரு. புஸ்தகத்த மூடினாரு. அடுத்த பாட்டுக்குப் போயிட்டாரு. என் பேரு வரல. சபை முழுக்கத் திரும்பிப் பாத்துது. அந்தப் பயலுக்கு வேற எடத்துல அமைஞ்சி, மொத நாள் சாயங்காலமே ஐயர்கிட்ட வந்து சொல்லிட்டுப் போயிருக்கான். எங்க வீட்டுல சொல்ல ஆளு இல்ல. அப்பா இருந்தா அப்பாகிட்டச் சொல்லியிருப்பாவ.

அடுத்த ஞாயிறு நான் அதே பெஞ்சுல போய் உக்காந்தேன். அதே சேலை. என்ன நடந்துச்சுன்னு ஒருத்தியும் கேக்கல, நானும் சொல்லல. இருபத்தாறு வருஷமாச் சொல்லல. பியூலா அதத்தான் கேட்டா. 'உங்க ஓலை வாசிக்காம போனத நீங்க எந்த நோட்டுல எழுதினிய மைனி?'

எழுதுவாவளா? அதப் போயி ஜெபக் குறிப்பா குடுப்பாவளா? மானம் போயிரும்லா!

என்ன அப்படிப் பாக்கிய?

எதுக்கு அப்படிப் பாக்கிய? ஒண்ணும் பேசாம இப்படிப் பாத்தா என்ன அர்த்தம்? அவளும் இப்படித்தான் பாப்பா.

தண்ணி இருக்கா? ஒரு வாய் குடுங்க. போதும்.

டோல்கேட் தாண்டியாச்சா? அப்ப நெருங்கிட்டோம்.

பிள்ளைக்கி என்ன பேர் வச்சிருக்காத் தெரியுமா? அன்னாள். பழைய பேரு. இந்தக் காலத்துல யாரு வைக்கா? ஏன் வச்சிருக்கான்னு எனக்குத் தெரியும். அந்த பைபிள் கதைய சண்டே ஸ்கூல்ல நான்தான் வருஷா வருஷம் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கேன். பிள்ளை இல்லாம அழுது, சத்தம் வராம உதட்ட மட்டும் அசைச்சி ஜெபிச்ச ஒருத்தி பேரு. எனக்குக் குத்துதான் அது. நல்லாக் குத்தியிருக்கா. அத என் வாயாலயே சொல்ல வைக்கா பாருங்க.

சொல்லித் தொலைக்கணும். சரியாச் சொல்லணும்லா, நம்மளால பிள்ளைக்கி ஒரு குறை வரக் கூடாது. நீங்க ஐயருன்னு வச்சிக்கிடுங்க. சிரிக்காதிய. இந்தப் பிள்ளைக்குப் பேரிடுங்கன்னு கேளுங்க. சும்மா கேளுங்க, பொட்டு ஒண்ணும் அழிஞ்சிராது.

அன்னாள். மூணு பிள்ளைகளைக் கர்த்தர் எடுத்துக்கொண்டாலும் நாலாவதாக...

அது தானா வருது. பதினேழு வருஷப் பழக்கம். இன்னொரு தடவ கேளுங்க.

அன்னாள். இவளுடைய அத்தை லீதியாளாகிய நான் இந்த நேரத்திலே...

சே. இல்ல, இருங்க. நிறுத்தாதிய. என்னால முடியும். ஆசீர நாலு தடவ பரீட்சை எழுத வச்சவ நான், ஒரு வார்த்தையோட நிக்க முடியாதா எனக்கு? கேளுங்க.

அன்னாள்.

...

நின்னுட்டேன்லா? பாத்தியளா, நின்னுட்டேன். அவ சொன்னான்னு இல்ல. அவளுக்குப் பயந்துக்கிட்டு இல்ல. பிள்ளை கையில இருக்கும், அது முழிச்சிக்கிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கும், அந்த நேரத்துல போயி துண்டு, கல்லறைன்னு பேச வேண்டாம்னுதான். மத்தபடி அவ மேல எனக்குள்ள கோவம் அப்படியேதான் இருக்கு. லேசாத்தான் பட்டுதுன்னு அவகிட்டச் சொல்லணும். இல்ல, அதையும் சொல்ல வேண்டாம். பட்டுது. நல்லாவே பட்டுது.

ஸ்டாண்டு வந்துட்டு, எந்திரிங்க, வழி விடுங்க. பெட்டியப் பிடிங்க ஒரு நிமிஷம், சேலையச் சரி பண்ணிக்கிடுதேன். பாத்து, கசக்கிராதிய.

உங்க பேரு இனிமே கேக்கல. ஸ்கேன் கவர்ல இருக்கது என்னவாவும் இருக்கட்டும், நோட்டுல எழுத மாட்டேன். வெள்ளிக்கிழமையில சேத்துக்கிடுதேன்.

இந்தாங்க, இத நீங்களே வச்சிக்கிடுங்க. அந்த நாலு பக்கந்தான். என் கையில இருந்தா வாசிச்சிருவேன், எனக்கு என்னையத் தெரியும். கிழிச்சி எங்கயாவது போட்டிருங்க. என் கையால கிழிக்க மனசு வரல.

படிக்காதிய, கேட்டியளா. எங்க வீட்டு விஷயம்.